மாரிமுத்துவைக் காணவில்லை: பினாங்கு ஆலய நிர்வாகங்களுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

பினாங்கு மாநிலத்து ஆலயத் தலைவர்களே, செயலாளர்களே, சங்கப் பொறுப்பாளர்களே, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரே, வணக்கம்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும், பெயர்தான் தெரியாது. தைப்பூச அழைப்பிதழில் ஓர் உபயக்காரரின் பெயர் விட்டுப்போனால் இரவு பதினொரு மணிக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) யாரைக் கூப்பிட்டுக் கடிந்துகொள்கிறீர்களோ, அந்த ஆள் நான். ஜோர்ஜ்டவுனில், லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஒரு சந்தில், மசாலாக் கடையின் மாடியில் இருபத்தாறு ஆண்டுகளாகத் தமிழ் எழுத்துக் கோத்து வருகிறேன். திருமண அழைப்பிதழ், குடமுழுக்கு மலர், பள்ளி ஆண்டிதழ், பதினாறாம் நாள் காரியப் பத்திரிகை எல்லாம் இந்த மாடிப்படி ஏறித்தான் வந்தன. இப்போது குறைவாக வருகின்றன. அது வேறு கதை.

போன மாதம் சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு பெண் வந்தார். வயது முப்பதுக்குள் இருக்கும். தம் கொள்ளுத் தாத்தா ஒரு தோட்டத்துக் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவர் என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பாராம். தோட்டம் போய் வீடமைப்பு வந்துவிட்டது. கோயில் இடம் மாறி எழும்பி நிற்கிறது. பழைய உபயக்காரர்களின் பெயர்களையெல்லாம் திரட்டிக் குடமுழுக்கு மலரில் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, செயலாளரிடம் கேட்டு அந்த மலரின் பிடிஎஃப் கோப்பை வாங்கியிருக்கிறார். தேடல் பெட்டியில் ‘மாரிமுத்து’ என்று தட்டினார். எதுவும் இல்லை. வெறும் ‘மாரி’ என்று தட்டினார். அதுவும் இல்லை. பாட்டி சொன்னது பொய்யோ, கோயில்காரர்கள் வேண்டுமென்றே விட்டுவிட்டார்களோ என்று மனம் கசந்துபோய், மலரின் கடைசிப் பக்கத்தில் இருந்த என் கடைப் பெயரைப் பார்த்துத் தேடி வந்துவிட்டார்.

அந்த மலரைக் கோத்தவன் நான். 2003இல். அவர் முன்னாலேயே கோப்பைத் திறந்து, உபயக்காரர் பட்டியலைப் பக்கம் பக்கமாகத் தள்ளினேன். நான்காவது பக்கத்தில், இரண்டாம் பத்தியில் இருந்தார்: மாரிமுத்து த/பெ இராமசாமி, வெண்கல மணி ஒன்று. அந்தப் பெண் திரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “இருக்கிறாரே ஐயா, பின் ஏன் இல்லை என்று சொன்னது?” என்றார்.

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த மடல்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்று எல்லாரும் ஒப்புக்கொண்டால்தான் நான் எழுதியது உங்களிடம் எழுத்தாக வந்து சேரும். உலகத்து மொழிகளுக்கெல்லாம் பொதுவாக ஒருங்குறி என்றொரு எண் பட்டியல் உண்டு. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆனால் அந்த மலரில் இருப்பது அதற்கு முந்தைய முறை. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்கள் அவை. இலங்கைத் தமிழரிடையே பெயர்பெற்ற பாமினியும் இந்த வகைதான். அதில் ‘தமிழ்’ என்று நம் கண்ணுக்குத் தெரிவது, கணினியின் வயிற்றுக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் கிடக்கிறது. எழுத்துரு என்பது அதன்மேல் போர்த்திய சட்டை. சட்டையைக் கழற்றினால் உள்ளே தமிழே இல்லை. மாரிமுத்து அங்கே ஆங்கில எழுத்துக் குப்பையாகக் கிடக்கும்போது, தமிழில் தேடினால் எப்படி அகப்படுவார்?

சரி, மாற்றித் தருகிறேன் என்று மாற்றி நிரலில் போட்டேன். ஒருங்குறியாக வந்தது. மறுபடி தேடினோம். மறுபடியும் இல்லை! எனக்கே தலை சுற்றியது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார்த்த பிறகுதான் விளங்கியது. ரகரத்தின் மேல் புள்ளியோ, இகரக் குறியான மேல்விலங்கோ வந்தால் அதன் அடியில் உள்ள சாய்கோட்டை விட்டுவிடுவது பழைய அச்சு மரபு. சாய்கோடு போனால் ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் பார்வைக்கு வேறுபாடு இல்லை. ஆகவே அந்தக் காலத்தில் நாங்கள் ‘ரி’ என்பதற்குத் துணைக்காலைப் போட்டு அதன்மேல் மேல்விலங்கை மாட்டிவிடுவோம். தாளில் அழகாக நிற்கும். கணினியிலோ அது ‘மாாிமுத்து’. இதே போல ‘கௌரி’ என்ற பெயரில் வரும் கௌவைப் பிரித்து, கெ, அடுத்து ள என்று போட்டு ‘கெளரி’ ஆக்கியிருப்போம். மலர் முழுவதும் மாரிகளும் கௌரிகளும் இப்படித்தான் காணாமல் போயிருக்கிறார்கள். நம் கோயில்களில் மாரிக்கும் கௌரிக்கும் பஞ்சமா?

இதைப் படிக்கும் இளையவர்கள், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த ஆள் ஏன் பழைய எழுத்துருவைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். என் மேசையில் இரண்டு கணினிகள் இருக்கின்றன. ஒன்று புதியது. மற்றொன்றில் விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிறது. அதைச் செய்த நிறுவனமே 2014 ஏப்ரலில் அதைக் கைகழுவிவிட்டது. அதற்குள் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 இருக்கிறது. 2001இல் வந்த அதுதான் அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு. இணையத் தொடர்பைத் துண்டித்து, மேலே ஒரு துணி போர்த்தி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை தோறும் ஊதுபத்தி காட்டும்போது அதற்கும் சேர்த்துக் காட்டுவேன். சிரிக்காதீர்கள், அது நின்றால் என் இருபது ஆண்டு வேலை நின்றுவிடும்.

சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்தது உண்மை. ஆனால் என் மேசைக்கு அது எப்போது வந்தது? விண்டோஸ் 2000இல் ‘லதா’ என்று ஓர் எழுத்துரு தந்தார்கள். லதா ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு குடமுழுக்கு மலருக்கு அட்டை போட முடியுமா? தலைப்புக்குக் கொழுத்த எழுத்து வேண்டும், அழைப்பிதழுக்கு வளைந்த எழுத்து வேண்டும், அம்மன் பெயருக்கு ஒரு பூவேலை வேண்டும். அவையெல்லாம் பழைய முறையில்தான் குவிந்து கிடந்தன. பேஜ்மேக்கரில் ஒருங்குறித் தமிழை ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் கட்டம் கட்டமாக ஏதோ நிற்கும். அதற்குப் பின்வந்த இன்டிசைனிலும் தமிழ் ஒழுங்காக உட்காரத் தொடங்கியது 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்பில்தான். அதுவும் அமைப்புகளுக்குள் போய் எழுத்துக் கோக்கும் முறையை மாற்றி வைத்தால்தான். ஆக இருபது ஆண்டுகள் ‘சிறந்தது’ என்று ஒன்று இருந்தது, எனக்கு அது சிறந்ததாக இல்லை. அந்த இருபது ஆண்டுகளில் கை பழகிவிட்டது, எழுத்துரு சேர்ந்துவிட்டது, பழைய கோப்பு மலைபோல் குவிந்துவிட்டது. பிறகு ஒருநாள் புதியது நன்றாகிவிட்டது என்று சொன்னால் மலையைத் தோளில் தூக்கிக்கொண்டா மாறுவது?

கை என்றேன். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரியவர்கள் பலர் தவறாக நினைத்துப் பயப்படுவது இங்கேதான். தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணத்தில் பிறந்து, இளவயதில் மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை ஒரு பொறிக்குள் அடக்க அவர் கண்ட உபாயங்களில் ஒன்று நகரா விசை. புள்ளியைத் தட்டினால் தாள் நகராது. அடுத்து மெய்யைத் தட்டினால் அந்தப் புள்ளிக்கு அடியிலேயே அது வந்து விழும். எனக்குத் தொழில் சொல்லித் தந்த அண்ணன் அந்தப் பொறியில் பழகியவர். கணினிக்கு வந்த பிறகும் அவருடைய விரல் புள்ளியை முதலில் தட்டிவிட்டுத்தான் எழுத்துக்குப் போகும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டிலிருந்து தமிழ்99 விசைப்பலகை வந்தது. உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு, மெய் இரட்டித்தால் புள்ளி தானாகவே விழும். ‘அம்மா’வுக்கு நான்கே தட்டல். அண்ணனிடம் காட்டினேன். “நல்லாத்தான் இருக்கிறது தம்பி, ஆனால் என் விரலுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது” என்றார்.

அண்ணன் பயந்தது விசைப்பலகைக்கு. மாற்ற வேண்டியது அதுவல்லவே! விசை வேறு, குறியீடு வேறு. பழைய தட்டச்சு முறையிலேயே தட்டிக்கொண்டு, உள்ளே ஒருங்குறியாகச் சேமிக்க முடியும். அதற்கான மென்பொருள்கள் எத்தனையோ ஆண்டுகளாக இருக்கின்றன. நம் நாட்டுக்காரர் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் 1980களிலேயே வேர்விட்டது. கைப்பேசியில் தமிழ் எழுத 2005இலேயே செல்லினம் தந்தவரும் அவர்தான். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, புதிய எழுத்து என்றால் விரலை முறித்து மறுபடி படிக்க வேண்டும் என்று ஒரு தலைமுறையே நம்பிக்கொண்டிருந்தது. நாங்களும் யாரும் உட்கார வைத்து விளக்கிச் சொல்லவில்லை.

இன்னொரு காரணத்தைக் குரலைத் தாழ்த்திச் சொல்கிறேன். நான் மட்டும் மாறினால் எனக்குத்தான் நட்டம். விளம்பரம் அனுப்பும் கடை பழைய எழுத்துருவில் அனுப்பும். பிழைதிருத்துபவர் பழைய கோப்பைக் கேட்பார். அவசரத்துக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் அடுத்த தெரு நண்பரும் பழையதில்தான் இருப்பார். எல்லாரும் ஒரே நாளில் மாறினால் எல்லாருக்கும் லாபம். முதலில் மாறுபவனுக்கு மட்டும் சுமை. யார் முதலில் மாறுவது?

உலகமெங்கும் இதே கதைதான். தொலைநகலுக்கு (ஃபேக்ஸ்) ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் பெய்ன் காப்புரிமை வாங்கியது 1843இல். தொலைபேசியே 1876இல்தான் வருகிறது. மின்னஞ்சல் வந்து எத்தனையோ காலமாகியும் பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான தொலைநகல் பொறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மருத்துவர்கள் திருந்தி அவற்றை விட்டுவிடவில்லை. 2019 ஜனவரி முதல் புதிதாக வாங்கக் கூடாது, 2020 மார்ச்சுக்குள் ஒழிக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சு உத்தரவு போட்டது. ஜப்பானில் அரசுக்குச் சில தகவல்களை நெகிழ்வட்டில் (ஃப்ளாப்பி) தர வேண்டும் என்று விதியிலேயே எழுதி வைத்திருந்தார்கள். அந்த விதிகளை 2024இல்தான் அடித்தார்கள். விதி இருந்தவரை நெகிழ்வட்டும் இருந்தது. நம் நாட்டில் தந்திச் சேவை 2012 ஜூலை முதல் நாளோடு நின்றது. அதையும் நடத்தியவர்கள் நிறுத்தியதால்தான் நின்றது. என் கடையிலும் ஒரு தொலைநகல் பொறி இருந்தது. விளம்பரம் தரும் ஓர் அலுவலகம் விலைப்பட்டியலைத் தொலைநகலில்தான் கேட்கும். ஏன் அம்மா, புலனத்தில் அனுப்புகிறேனே என்றேன். “அனுப்பியதற்கு ஒரு சீட்டு வருமே ஐயா, அதை நான் கோப்பில் சொருக வேண்டும்” என்றார் அங்கிருந்த எழுத்தர். அவருக்கு வேண்டியது அந்தச் சீட்டு. பொறியைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அது தந்த சீட்டுக்குப் பதில் என்ன தருவது என்று கேட்பதில்லை. அந்த அலுவலகத்தில் மேலதிகாரி ஒருவர் மாறினார். அடுத்த வாரம் மின்னஞ்சல் முகவரி கேட்டு அழைப்பு வந்தது.

கேட்பவர் மாறினால்தான் கொடுப்பவர் மாறுவார். அதனால்தான் இந்த மடலை அச்சகத்தாருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். கேட்பவர்கள் நீங்கள்.

இதுவரை நீங்கள் எதைக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். தலைவரின் படம் துணைத்தலைவரின் படத்தைவிட ஒரு விரற்கடை பெரிதாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். டத்தோவா டத்தோஸ்ரீயா என்று மூன்று முறை திருத்தியிருக்கிறீர்கள். (ஒருவருக்கு மலர் அச்சேறும் நாளில் பட்டம் வந்தது, தகட்டையே மாற்றினோம்.) அட்டைக்குத் தங்க முலாம் கேட்டீர்கள். ஒரே ஓர் ஆலயம்கூட “எழுத்துக் கோப்பைக் கொடு, அது ஒருங்குறியில் இருக்கிறதா” என்று கேட்டதில்லை. மலர் அச்சாகி, தட்டில் வைத்து வெளியிட்டு, பொன்னாடை போர்த்தி முடிந்ததும் வேலை முடிந்தது. தாளுக்குக் குறியீட்டைப் பற்றிக் கவலையில்லை. எந்த எழுத்துருவில் போட்டாலும் மை ஒட்டும். உங்களுக்கும் நட்டமில்லை, எனக்கும் நட்டமில்லை. பழையது இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததன் முழு ரகசியம் இதுதான் என்பது என் கணிப்பு. அதனால் இழப்பவர் யாரும் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கவில்லை.

இழப்பவர் யார்? சுங்கை பட்டாணியிலிருந்து பஸ் ஏறி வந்த அந்தப் பெண் ஒருவர். என் நண்பர் ஒருவருக்குப் பார்வை இல்லை. கைப்பேசியில் உள்ள திரைவாசிப்பான் தமிழ்ச் செய்தியை அவருக்கு வாசித்துக் காட்டும். நல்ல தமிழில், கொஞ்சம் அவசரமாக. ஒரு நாள் என் மேசையில் உட்கார்ந்து, ஓர் ஆலயம் புலனத்தில் அனுப்பிய திருவிழா நிகழ்ச்சி நிரலைத் திறந்தார். கைப்பேசி ஆங்கிலத்தில் ஜே, கே, எஃப், டி என்று உளறத் தொடங்கியது. பத்து விநாடி கேட்டுவிட்டு, “இது உன் வேலையா?” என்றார். என் வேலைதான். தேர் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்று நான் வாயால் படித்துச் சொன்னேன்.

அடுத்து உங்கள் பேரப்பிள்ளைகள். மலாய்வழித் தேசியப் பள்ளியில் படிக்கிறார்கள். தமிழ் பேசுவார்கள், பலருக்குப் படிக்க வராது. ஒருங்குறியில் இருந்தால் கைப்பேசி அவர்களுக்கு வாசித்துக் காட்டும், மலாயிலோ ஆங்கிலத்திலோ மாற்றியும் கொடுக்கும். தாத்தா செயலாளராக இருந்து எழுதிய ஆலய வரலாறு அந்தப் பிள்ளைக்கு இன்று எட்டாமல் இருப்பதற்கு அவனுடைய தமிழ் மட்டும் காரணமல்ல, என் எழுத்துருவும் காரணம்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. அடுத்த மலருக்கோ ஆண்டிதழுக்கோ விலை பேசும்போது, அச்சுப் பிரதியோடு முழு உரையும் ஒருங்குறிக் கோப்பாகத் தரப்பட வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். அந்தக் கோப்பு வராமல் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்காதீர்கள். இதை என் வயிற்றில் அடிக்கும் வரி என்று சில நண்பர்கள் சொல்வார்கள். இல்லை, எல்லா நிர்வாகமும் கேட்டால் நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மாறுவோம், முதலில் மாறியவன் என்று யாரும் சுமக்க வேண்டியதில்லை. முதல் மலருக்கு எங்களுக்குக் கூடுதலாக இரண்டு வாரம் கொடுங்கள். திருவிழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது கட்டுரையைக் கொண்டுவந்து தருவதையும், முடிந்தால், நிறுத்துங்கள்.

கோப்பு வந்ததும் செயலாளர் ஒரு சோதனை செய்யட்டும். கைப்பேசியில் திறந்து, தம் பெயரைத் தட்டித் தேடட்டும். அகப்பட்டால் சரி. அகப்படாவிட்டால் மாரிமுத்துவுக்கு நேர்ந்தது தமக்கும் நேர்ந்திருக்கிறது என்று கண்டுகொள்ளலாம். தம் பெயர் இல்லை என்றால் எந்தச் செயலாளரும் சும்மா இருக்க மாட்டார் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

பழைய மலர்கள் உங்கள் அலுவலக அலமாரிகளில் குறுந்தட்டுகளாகக் கிடக்கின்றன. சில ஏற்கெனவே படிக்க முடியாமல் பூத்துவிட்டன. என்னிடம் இருந்த பெட்டியிலேயே நாலில் ஒன்று திறக்கவில்லை. அவற்றைத் திறக்கும் எழுத்துருக்கள் இப்போதைக்கு அந்தத் துணி போர்த்திய கணினியில் இருக்கின்றன. எடுத்து வாருங்கள். சனிக்கிழமை பிற்பகல்களில் நானும், கணினி படிக்கும் என் அண்ணன் மகளும் உட்கார்ந்து மாற்றித் தருகிறோம். காசு வேண்டாம், கீழே கோப்பிக் கடையில் ஒரு தே தாரேக் வாங்கிக் கொடுத்தால் போதும். அச்சான மலர் ஒன்றையும் மறக்காமல் கூடவே கொண்டுவாருங்கள். ரகரத்தையும் காலையும் இன்னமும் கண்ணால் பார்த்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
மசாலாக் கடை மாடியில் எழுத்துக் கோப்பவன்,
ஜோர்ஜ்டவுன், பினாங்கு